பட்டினி போடத் தெரிந்தவள்

அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவள் சாப்பாட்டக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் பாட்டுக்குப் போய்விடுவாள். பாதி ஆயுள் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் செய்தவள். "போதும்" என்று சொல்லும் பிள்ளைகளின் தட்டிலும் ஒரு கரண்டி விழும். கையை வைத்து மறைத்தால் விரல் இடுக்கில் ஊற்றுவாள். பரீட்சைப் பயத்தில் எவனாவது சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று தெரிந்தால், தட்டோடு அறை வாசலில் போய் நின்று கதவைத் தட்டுவாள். அவன் தின்று முடிக்கும்வரை நகர மாட்டாள். இப்படிப்பட்டவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் வாய்த்த வேலை பட்டினி போடுவது. கோடானுகோடி உயிர்களை, ஒரே தொட்டியில் வைத்து, நேரம் பார்த்துப் பட்டினி போடுவது. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று இன்றைக்கு அவளே சொல்லிக்கொள்கிறாள், அடக்கம் என்ற சரக்கு அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை. நடுவில் ஒரு தடவை மூக்கு உடைந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

விடுதியை மூடிய பிறகு சில மாதம் அவள் வீட்டில் இருந்தாள். கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் குறுக்கே வருகிறவர்களை ஒதுங்கச் சொல்கிற ஆள். வேலையில்லாத இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஊருக்கு வெளியே ஏதோ எண்ணெய்த் தொழிற்சாலையில் கேன்டீனுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் போய்ச் சேர்ந்தாள். அவள் போனதில் அவருக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி.

அந்தக் கேன்டீனில் தினமும் ஒரு பெண் கடைசியாக வந்து ஓரத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எல்லாரும் டாக்டர் என்றார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பாசியைப் படித்துப் பட்டம் வாங்கியவள். உற்பத்தி முழுக்க அவள் பொறுப்பு. ஒரு நாள் அவள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, தினமும் உப்பு ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படி என்று கேட்டாள். அக்கா தராசைக் காட்டினாள். கையளவு, கண்ணளவு எல்லாம் நாலு பேர் சமையலுக்குத்தான், நூறு பேருக்கு என்றால் எடை போடாதவள் சமையல்காரியே இல்லை என்று ஒரு பிரசங்கமும் வைத்தாள். மறு வாரம் டாக்டர் முதலாளியிடம் பேசி அவளைக் கேன்டீனிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளேயும் ஒரு சமையலறை இருந்தது. சர்க்கரை மூட்டை, உப்பு மூட்டை, ஈஸ்ட் சாறு, ஆளுயரக் கலக்கி, நீராவிக் குழாய். எல்லாவற்றையும் எடை போட்டுக் கரைத்து, கிருமி சாகும்வரை நீராவியில் வேகவைத்து, ஆறவைத்துத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். சாப்பிடுகிற ஆள் மட்டும்தான் வேறு.

பாசி என்றதும் குளத்துப் படியில் வழுக்கிவிடும் பச்சையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கண்ணுக்கே தெரியாத நுண்பாசி. பச்சையும் கிடையாது, இதற்கு வெயிலும் தேவையில்லை. கடலோரச் சேற்றில் உதிர்ந்து அழுகும் இலைகளில் ஒட்டிக்கொண்டு பிழைத்ததை யாரோ புண்ணியவான்கள் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். இங்கே அது இரண்டு மாடி உயர எஃகுத் தொட்டிக்குள், கும்மிருட்டில், சர்க்கரை தின்று வளர்கிறது. தின்றதை எண்ணெயாக்கித் தன் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைக்கிறது. மூளையிலும் கண்ணிலும் இருக்கிறதே, ஒமேகா மூன்று என்கிற கொழுப்பு, அந்த ஜாதி எண்ணெய். குழந்தைகளுக்கான பால் மாவிலும் பிள்ளைத்தாய்ச்சிகள் விழுங்கும் மாத்திரையிலும் அதைச் சேர்க்கிறார்கள்.

இந்த எண்ணெய் மீனில்தானே இருக்கும் என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் போதும், இறங்கும் நிறுத்தம் வரை அவள் தப்ப முடியாது. மீன் அதைப் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை. பாசியைச் சின்னப் பூச்சி தின்னும், பூச்சியைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அப்படிக் கைமாறி வந்த சொத்து அது. டாக்டர் சொல்லிக் கொடுத்த இந்தப் பாடத்தை அக்கா தன் பாணியில் முடிப்பாள்: "மீனுக்கே நாங்கதான் குடுத்தோம்." நாங்கள் என்று அவள் சொல்வதில் பாசியும் அடக்கம்.

அக்காவின் மகள் உண்டாகியிருந்த சமயம் அது. மீன் வாடை பட்டாலே ஓங்கரித்துக்கொண்டிருந்தவளுக்கு மருத்துவமனையில் பாசி எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எந்தத் தொழிற்சாலை எண்ணெய் என்று டப்பியில் போட்டிருக்கவில்லை. போட்டிருக்காவிட்டால் என்ன, நம்முடையதுதான் என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என் சம்சாரம் பிள்ளைகளுக்கு மூளை செய்கிறாள் என்று கணவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊர் வாயை மூடவே உலைமூடி இல்லை, இவர் வாயை எதைக் கொண்டு மூடுவது என்று அவள் சலித்துக்கொண்டாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது.

இனி பட்டினி விஷயம். இது புரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

தொட்டிக்கு இரண்டு உணவு. ஒன்று சர்க்கரை. இன்னொன்று அம்மோனியா நீர். சர்க்கரை தெம்புக்கு, அம்மோனியா உடம்பு போட, குட்டி போட. இரண்டும் கிடைக்கும்வரை பாசி பெருகிக்கொண்டே போகும், எண்ணெய் சேர்க்காது. நாளைக்கும் சாப்பாடு உண்டு என்று நம்புகிறவன் எதற்குச் சேர்த்து வைக்கப் போகிறான்? கூட்டம் போதுமான அளவு பெருகியதும் அம்மோனியாவை நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். குட்டி போட வழியில்லை, சர்க்கரையோ வந்து குவிகிறது. என்ன செய்யும்? கொழுப்பாக்கி உள்ளே பதுக்கும். அக்கா இதை ஒரே கேள்வியில் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு தொப்பை போட்ட மாதிரியா என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அதேதான் என்றாள்.

அம்மோனியா குழாயில் ஒரு வால்வு. அதற்கு ஒரு பூட்டு. கண்டவர்கள் கை பட்டுவிடக் கூடாது என்று சாவி தொட்டிப் பொறுப்பாளரின் இடுப்பில்தான் இருக்கும். எப்போது மூடலாம் என்பதற்கு டாக்டர் ஒரு அளவு வைத்திருந்தாள். தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுழற்றினால் பாசி அடியில் கட்டியாகப் படியும். குழாயில் சிவப்புக் கோடு கிழித்திருக்கும். கட்டி கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் மூட ஆயத்தமாகலாம். கோட்டைத் தொட்ட பிறகு எந்த நிமிடம் மூடுவது என்பது பொறுப்பாளரின் முடிவு. நுரை, நிறம், தொட்டி மூச்சு விடும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பழைய பொறுப்பாளர் வேறு வேலைக்குப் போனதும் டாக்டர் சாவியை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதைப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டு நடந்த நடையைப் பார்த்தால் தொழிற்சாலையையே எழுதி வாங்கிவிட்டாள் என்று தோன்றும்.

இது பிடிக்காத ஆள் ஒருவர் இருந்தார். பாய்லர்காரர். தொட்டிக்கு நீராவி அனுப்புகிறவர், தொழிற்சாலை ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர், அந்தச் சாவி தனக்கு வரும் என்று காத்திருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. நாக்குதான் கொஞ்சம் நீளம். சாப்பாடு போட்ட கையால் பட்டினி போட முடியுமா, பாசி லேசாக முனகினால் போதும், அக்கா மனசு கேட்காமல் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு வந்துவிடுவாள் என்று தேநீர் வேளையில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். அக்காவும் கூடச் சிரித்தாள். ஆனால் அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டது.

அவள் பொறுப்பில் ஓடிய முதல் தொட்டி சாதாரணத் தொட்டி இல்லை. குழந்தை உணவு செய்யும் ஒரு கம்பெனி முதல்முறையாக எண்ணெய் கேட்டிருந்தது. சொன்ன அளவைச் சொன்ன வாரத்தில் கொடுத்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்வார்கள். முதலாளி தினமும் இரண்டு தடவை தொட்டிக்கூடத்துக்கு வந்து ஒன்றும் புரியாமல் மீட்டர்களைப் பார்த்துவிட்டுப் போனார். தொட்டி நன்றாகவே வளர்ந்தது. நுரை வெண்ணெய் நிறத்தில் திரண்டது. மூடும் நாள் வந்தது.

அன்று மதியம் அக்கா குழாயைச் சுழற்றிப் பார்த்தாள். கட்டி கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை நின்றது. இன்னும் அரை நாளாவது போக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று பிறகும் அவள் சொல்லவே இல்லை. அந்த நேரம் பார்த்து பாய்லர்காரர் அந்தப் பக்கம் வந்தார். குழாயை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, இன்னும் மனசு வரலையா?" என்றார்.

அவ்வளவுதான். சாவியை எடுத்தாள், பூட்டைத் திறந்தாள், வால்வை இறுக்கி மூடினாள். மனசு வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொள் என்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். பதறாத காரியம் சிதறாது என்று மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவள் அவள். அந்த நிமிடத்தில் அவளுக்குத் தொட்டியும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள். அக்காவும் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பாசிக்குள்ளும் எண்ணெய்ச் சொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு மினுங்கின. அப்படி ஒரு அழகை அவள் பார்த்ததில்லை. நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தபோது டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஆளு ஒவ்வொண்ணும் நல்ல குண்டுக்கா," என்றாள் டாக்டர். "ஆனா கூட்டம் இல்ல. சீக்கிரம் மூடிட்டீங்க."

கணக்குப் போட்டுப் பார்த்ததில் கம்பெனி கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும் என்று தெரிந்தது. அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. பட்டினி போடுவதற்கு முன்னால் வயிறு நிறைய வைக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. ஊருக்கே வயிற்றை நிறைத்தவள் அந்த அரிச்சுவடியில் கோட்டை விட்டிருந்தாள், அதுவும் ஒரு ஆளின் வாய்க்குப் பதில் சொல்வதற்காக.

முதலாளி வந்தார். தொட்டிக்கு முன்னாலேயே பேச்சு நடந்தது. இரண்டு வழிதான் இருந்தது. இருப்பதை எடுத்துக்கொண்டு கம்பெனியிடம் கையைப் பிசைவது ஒன்று. மறுபடி அம்மோனியா கொடுத்து, பாசியை எழுப்பி, பெருக வைத்து, திரும்பவும் பட்டினி போடுவது இன்னொன்று. இரண்டாவதில் ஆபத்து உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள். எழுந்ததும் பாசி சேர்த்து வைத்த எண்ணெயைத்தான் முதலில் தின்னும். நாள் கூடக் கூட வேற்றுக் கிருமி புகுந்துவிடும் பயமும் கூடும். புகுந்தால் முதலுக்கே மோசம், தொட்டி மொத்தமும் சாக்கடைக்கு. யார் மூடியது என்று முதலாளி கேட்டார். டாக்டர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். அக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான் மூடுனேன். கோடு வரலன்னு தெரிஞ்சேதான் மூடுனேன்," என்றாள். "எழுப்பிக் குடுக்குறேன். முடியலன்னா என்னைக் கேன்டீனுக்கே அனுப்பிடுங்க."

முதலாளி மீட்டர்களை ஒரு தடவை பார்த்தார். எழுப்பட்டும் என்றார். ஆனால் இந்தத் தடவை வால்வை மூடுகிற வேலை அவளுக்கு வேண்டாம் என்றார். கையை நீட்டிச் சாவியை வாங்கினார். சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைப் பாய்லர்காரரிடம் கொடுத்தார். தொட்டிப் பொறுப்பு யாருக்கு என்பதை இந்தத் தொட்டி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அழுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினாள். இனி சாப்பிட வைக்க வேண்டும். அது அவள் ராஜ்ஜியம். மொத்தமாகக் கொடுத்தால் அம்மோனியாவே விஷமாகிப் பாசியைக் கொன்றுவிடும் என்றாள் டாக்டர். நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவனுக்கு எழுந்ததும் விருந்து வைப்பார்களா என்றாள் அக்கா. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொட்டுக் கணக்கு முடிவு செய்தார்கள். பாய்லர்காரர் வந்து பூட்டைத் திறந்துவிட்டார். அக்கா வால்வைத் துளித்துளியாகத் திருப்பி, மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொட்டியில் கரைந்திருக்கும் காற்றைக் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. பட்டினியில் பாசி சோர்ந்து மூச்சைக் குறைத்துக்கொள்ளும், மீட்டர் மேலே நிற்கும். தின்ன ஆரம்பித்தால் மூச்சு வாங்கும், மீட்டர் இறங்கும். அன்று முழுக்க அது அசையவில்லை. மறுநாள் காலையிலும் அசையவில்லை. வீட்டில் கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முதல்முறையாக ஒன்றும் கேட்காமல் இருந்தார். தட்டைக் கழுவி வைத்தது கூட அவர்தான். அவள் சொன்னாள், கேன்டீன் வேலை ஒன்றும் கேவலம் இல்லை, அதில் எனக்கு வெட்கம் கிடையாது, ஆனால் அந்தத் தொட்டி என்னுடையது என்று. உன்னுடையதுதான் என்றார் அவர். வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

இரண்டாம் நாள் மதியம் மீட்டர் முள் ஒரு நூல் இறங்கியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு நூல். பிறகு சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. காற்றை அதிகப்படுத்தச் சொல்லி டாக்டரை அவள் கூப்பிட்ட குரல் பாய்லர் அறை வரை கேட்டது. தொட்டி தின்கிறது! பார்வைக் கண்ணாடிக்குள் நுரை புது வெள்ளையாகப் பொங்கி வந்தது. டாக்டர் ஓடி வந்து மீட்டரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. பசியோடு இருந்தவன் சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷம் அவளுக்குப் புதிது இல்லை, ஆனால் தான் பண்ணிய பாவத்துக்குத் தன் கையாலேயே பரிகாரம் செய்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவள் அவசரமே படவில்லை. தினமும் குழாயைச் சுழற்றினாள். கட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கோட்டைத் தொட்ட அன்று, சாவியோடு பாய்லர்காரர் வால்வுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா தொட்டிக்கு எதிர்ப்பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பேசக் கூடாது, பேசவும் இல்லை. நுரையைப் பார்த்தாள், நிறத்தைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். பாய்லர்காரர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். தேநீர் வேளை போனது. கடைசியில் அவர் குனிந்து வால்வை மூடிப் பூட்டினார். அக்கா மனதுக்குள் எண்ணிய அதே சமயத்தில்தான் அவர் மூடினார். பரவாயில்லையே, மனுஷனுக்குக் கை பழகியிருக்கிறதே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பட்டினி நாட்கள் நல்லபடியாகப் போயின. வேற்றுக் கிருமி எதுவும் புகவில்லை. வெண்ணெய் நிறம் மெல்ல இளம் ஆரஞ்சுக்கு மாறியது. பாசியை உடைத்துப் பிரித்து எடுத்த எண்ணெய் பொன் நிறத்தில் கலனுக்குள் இறங்கியது. அளவு கம்பெனி கேட்டதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. நாள் தள்ளிப் போனதற்குக் கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் எண்ணெயைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த தொட்டிக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த தொட்டி ஏறியது. அக்கா பழையபடி உணவு கரைக்கும் அறையில் இருந்தாள். தொட்டியின் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது மரியாதையில்லை என்பது அவள் கட்சி. ஆனால் கரைக்கிற ஒவ்வொரு மூட்டைச் சர்க்கரையும் யார் கைக்குப் போகிறது என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கட்டி கோட்டை நெருங்கிய காலையில் முதலாளி தொட்டிக்கூடத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார். போன தொட்டியைக் கரை சேர்த்தவர் பாய்லர்காரர், சரியான நேரம் பார்த்து மூடியவர் அவர்தான், இனிமேல் தொட்டிப் பொறுப்பும் அவருக்கே என்றார். எழுப்பியது அக்கா என்பதையும் மறக்காமல் சொன்னார். நியாயமான மனிதர்தான். அக்கா தலையை ஆட்டினாள். நேராக நின்றாள்.

பாய்லர்காரர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் வந்தார்.

"மொதலாளி, ஒரு விஷயம். அன்னைக்கு நான் குழாயையும் பாக்கல, மீட்டரையும் பாக்கல," என்றார். "எதிர்ல நின்ன அக்கா மொகத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவங்க மொகம் எப்ப தெளிஞ்சுதோ அப்ப மூடுனேன். எனக்குத் தெரிஞ்சது நீராவிதான்."

அவர் அக்காவிடம் திரும்பினார். அன்றைக்கு வாயைக் கொடுத்து வம்பு பண்ணியதும் தான்தான் என்று சொல்லவும் அவர் தயாராக இருந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மூடியது தன் கை, அதற்கு வேறு எவனுக்கும் பங்கு கொடுக்க அவள் தயாராக இல்லை. சாவியை அவர் நீட்டினார். அக்கா முதலாளியைப் பார்த்தாள். முதலாளி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எப்போதோ முடிவு செய்துவிட்டவள் போலத் தலையசைத்தாள்.

அக்கா சாவியை வாங்கினாள். இது எனக்கு வர வேண்டியது, வந்துவிட்டது என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வால்வுக்கு நடந்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். டாக்டர் குழாயைச் சுழற்றிக் கொண்டுவந்து காட்டினாள். கட்டி கோட்டைத் தொட்டிருந்தது. எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. முதலாளி கூடப் போகவில்லை.

"இப்பவாக்கா?" என்றாள் டாக்டர்.

அக்கா தொட்டியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

"இல்ல டாக்டரம்மா," என்றாள். "நான் சொல்றேன்."